வீட்டிலிருந்தே வேதியியல் கற்கத் தொடங்குவது எப்படி? குமரி மாவட்டத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மார்த்தாண்டம், தக்கலை, நாகர்கோவில் பக்கங்களில் 9ஆம் வகுப்பிலிருந்து +1 வரை படிக்கிற பிள்ளைகளும் அவர்களுடைய அப்பா அம்மாவும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளை இங்கே ஒரே இடத்தில் எழுதி வைத்திருக்கிறேன். எல்லாமே இணையத்தில் காசு செலவில்லாமல் கிடைக்கிற வேதியியல் பாடங்களைப் பற்றியவை. பாடநூல் ஒன்று, தொட்டு அசைத்துப் பார்க்கிற சிமுலேஷன் ஒன்று, கணக்குப் போட ஒரு நோட்டு, இந்த மூன்றோடு தொடங்குங்கள். வீடியோவெல்லாம் அதற்குப் பிறகு என்பதுதான் என் கருத்து. ஏன் என்று கீழே சொல்கிறேன்.

எங்கிருந்து தொடங்குவது? தேடினால் ஆயிரம் வருகிறது.

ஆயிரத்தையும் மூடிவிட்டு தமிழ்நாடு அரசுப் பாடநூலைத் திறங்கள். பாடநூல் கழகத்தின் தளத்தில் எல்லா வகுப்புப் புத்தகங்களும் தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் பிடிஎஃப் கோப்பாக இலவசமாகக் கிடைக்கின்றன. புத்தகம்தான் கையிலேயே இருக்கிறதே என்பீர்கள். உங்கள் வகுப்புப் புத்தகம் இருக்கும், போன வருடப் புத்தகம் இருக்காது. +1இல் வேதியியல் ஏறவில்லை என்று வருகிற பிள்ளைகளில் பெரும்பாலோருக்குப் பிரச்சினை +1 புத்தகத்தில் இல்லை, 9ஆம் வகுப்பில் இருக்கிறது. இணைதிறன் என்றால் என்ன என்று தெரியாமல் வேதிப்பிணைப்பு படிக்க உட்கார்ந்தால் மனப்பாடம் மட்டும்தான் நடக்கும். அதனால் 9ஆம் வகுப்பு அறிவியலில் அணு அமைப்பு, வேதிப்பிணைப்பு, அமிலங்கள் காரங்கள் உப்புகள் ஆகிய பாடங்களையும், 10ஆம் வகுப்பில் அணுக்களும் மூலக்கூறுகளும், கரைசல்கள், வேதிவினைகளின் வகைகள் ஆகியவற்றையும் இறக்கி ஒரு முறை வாசித்துவிடுங்கள். பல பாடங்களின் கடைசியில் 'இணையச் செயல்பாடு' என்று ஒரு கட்டம் இருக்கும், கியூஆர் குறியீடும் இருக்கும். அதை யாரும் ஸ்கேன் செய்து பார்ப்பதில்லை. செய்து பாருங்கள்.

ஃபெட் சிமுலேஷன் என்கிறார்களே, அது என்ன?

அமெரிக்காவில் கொலராடோ பல்கலைக்கழகம் நடத்துகிற இலவசத் திட்டம். 2001இல் இயற்பியல் நோபல் பரிசு பெற்ற கார்ல் வீமன் 2002இல் தொடங்கியது. அணு, மூலக்கூறு, கரைசல் இவற்றையெல்லாம் திரையில் நீங்களே இழுத்து, கலந்து, மாற்றிப் பார்க்கலாம். போனிலேயே பிரவுசரில் ஓடும். பல சிமுலேஷன்களுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பும் இருக்கிறது, மொழி பட்டியலில் தமிழ் என்று தேடிப் பாருங்கள்.

முதலில் அணுவை உருவாக்குகிற சிமுலேஷனை எடுங்கள். கீழே புரோட்டான், நியூட்ரான், எலக்ட்ரான் தனித்தனிக் கிண்ணங்களில் இருக்கும். ஆறு புரோட்டானை நடுவில் போட்டால் கார்பன் என்று காட்டும். ஆறு நியூட்ரானைச் சேர்த்தால் நிலையானது என்று வரும், எட்டாக்கினால் நிலையற்றது என்று மாறும். அதுதான் கார்பன்-14. இப்போது ஒரு புரோட்டானைக் கூட்டிப் பாருங்கள், தனிமத்தின் பெயரே நைட்ரஜன் என்று மாறிவிடும். எலக்ட்ரானை எவ்வளவு கூட்டினாலும் குறைத்தாலும் பெயர் மாறாது, மின்சுமை மட்டும்தான் மாறும். அணு எண், நிறை எண், அயனி, ஐசோடோப்பு என்று புத்தகம் நாலு பக்கத்தில் சொல்வது பிள்ளையின் விரல் நுனியில் பத்து நிமிடத்தில் நடந்து முடிகிறது.

அடுத்து பி.எச். அளவுகோல் சிமுலேஷன். ஒரு கரைசல் அமிலமா காரமா என்று சொல்கிற எண்தான் பி.எச். ஆரஞ்சுச் சாறு, காபி, பால், சோப்பு என்று வரிசையாக இருக்கும். ஆரஞ்சுச் சாறை ஊற்றி அதில் தண்ணீரைத் திறந்து விடச் சொல்லுங்கள். பி.எச். ஏறிக்கொண்டே போகும், ஆனால் எவ்வளவு தண்ணீர் விட்டாலும் 7ஐத் தாண்டாது. ஏன் தாண்டவில்லை என்று பிள்ளையிடம் கேளுங்கள், உடனே பதில் சொல்லிவிடாதீர்கள். இந்தக் கேள்வியோடு புத்தகத்துக்குத் திரும்புகிற பிள்ளை அந்தப் பக்கத்தை வாசிக்கிற விதமே வேறு.

மூன்றாவது, சமன்பாட்டைச் சமன் செய்கிற சிமுலேஷன். அதிலே மூன்று நிலை கொண்ட விளையாட்டு உண்டு. மூன்றையும் முடித்த பிள்ளைக்கு 10ஆம் வகுப்புச் சமன்பாடுகளில் பயம் இருக்காது.

மோல் கணக்கு மண்டையில் ஏறவே மாட்டேன் என்கிறது. என்ன செய்வது?

இந்தக் கேள்விக்குத்தான் அதிக நேரம் கொடுக்கப் போகிறேன், ஏனென்றால் முதல் வருட வேதியியலில் விழுகிறவர்கள் பெரும்பாலும் இங்கேதான் விழுகிறார்கள், +1 புத்தகத்தின் முதல் பாடமே இதுதான் என்பதால் அந்த வீழ்ச்சி வருடம் முழுக்கத் தொடர்கிறது.

மோல் என்பது ஓர் எண்ணிக்கை. டஜன் என்றால் 12 என்பதுபோல, ஒரு மோல் என்றால் 6.022 × 10²³. 2019 மே 20 முதல் 6.02214076 × 10²³ என்ற எண்ணையே மோலின் வரையறையாக உலகம் முழுக்க வைத்துக்கொண்டிருக்கிறார்கள். அதற்கு முன்பு 12 கிராம் கார்பன்-12இல் உள்ள அணுக்களின் எண்ணிக்கை என்று வரையறுத்திருந்தார்கள். பழைய வீடியோக்களில் இன்னும் அப்படித்தான் சொல்வார்கள், குழம்ப வேண்டாம், உங்கள் கணக்கு எதுவும் மாறாது.

நம்ம ஊர்க் கணக்கு ஒன்று போடுவோம். சாமிதோப்பு, புத்தளம் பக்கம் உப்பளங்களுக்கு வருகிற கடல்நீர் ஒரு லிட்டரில் மொத்தம் 35 கிராம் அளவுக்கு உப்புகள் கரைந்திருக்கும், அதில் சோடியம் குளோரைடு மட்டும் சுமார் 27 கிராம். சோடியம் 23, குளோரின் 35.5, கூட்டினால் 58.5. அதாவது 58.5 கிராம் இருந்தால் ஒரு மோல். 27ஐ 58.5ஆல் வகுத்தால் 0.46 மோல். அதை 6.022 × 10²³ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 2.8 × 10²³. ஒரு லிட்டர் கடல்நீரில் அத்தனை சோடியம் குளோரைடு அலகுகள், அதாவது அத்தனை சோடியம் அயனி, அத்தனை குளோரைடு அயனி. கிராமிலிருந்து மோல், மோலிலிருந்து எண்ணிக்கை. பாதை இவ்வளவுதான், திரும்பி வருவதும் இதே வழியில்தான். எந்தக் கணக்கு வந்தாலும் முதலில் 'என்னிடம் இருப்பது கிராமா, மோலா, எண்ணிக்கையா, லிட்டரா' என்று நோட்டில் எழுதுங்கள், எழுதாமல் மனதில் போடாதீர்கள், அலகை ஒவ்வொரு வரியிலும் கூடவே எழுதுங்கள்.

அப்புறம் வினைக்கட்டுப்பாட்டுக் காரணி. எந்த வினைபடுபொருள் முதலில் தீர்ந்துபோய் வினையை நிறுத்துகிறது என்பதுதான் அது. ஃபெட்டில் வினைபடுபொருள், விளைபொருள், மீதி என்று ஒரு சிமுலேஷன் இருக்கிறது. ரொட்டியையும் பாலாடைக்கட்டியையும் வைத்து சாண்ட்விச் செய்வதில் தொடங்கி, பிறகு உண்மையான மூலக்கூறுகளுக்குப் போகும். அம்மோனியாவைத் தேர்ந்தெடுத்து 3 நைட்ரஜன், 6 ஹைட்ரஜன் மூலக்கூறு போடுங்கள். ஒரு நைட்ரஜனுக்கு மூன்று ஹைட்ரஜன் வேண்டும், அதனால் 4 அம்மோனியா வரும், ஒரு நைட்ரஜன் மிஞ்சி நிற்கும். மிஞ்சி நிற்பதைக் கண்ணால் பார்த்துவிட்ட பிள்ளை, நைட்ரஜன் எண்ணிக்கையில் குறைவாக இருந்தும் ஏன் ஹைட்ரஜன்தான் முதலில் தீர்ந்தது என்று தானே சொல்லிவிடும். அதன்பிறகு கிராமில் கணக்கு கொடுங்கள்.

நான் தமிழ் மீடியம். இணையத்தில் எல்லாம் ஆங்கிலத்தில் இருக்கிறதே?

தமிழிலேயே முதலில் புரிந்துகொள்ளுங்கள், அதில் எந்தத் தாழ்வும் இல்லை. பள்ளிக் கல்வித் துறையின் கல்வித் தொலைக்காட்சி 2019இல் தொடங்கியது, அதன் பாடங்கள் யூடியூபிலும் இருக்கின்றன, உங்கள் புத்தகத்தில் இருக்கிற அதே பாட வரிசை, அதே சொற்கள். ஆசிரியர் வேகமாகப் போகிறார் என்று தோன்றினால் வேகத்தை 0.75 ஆக்கி வைத்துக் கேளுங்கள்.

ஒரு பாடத்தைத் தமிழில் முடித்ததும், அதே பாடத்தை ஆங்கிலப் பாடநூலில் திறந்து படங்களையும் தலைப்புகளையும் மட்டும் ஓட்டிப் பாருங்கள். ஆக்சிஜனேற்றம், சகப்பிணைப்பு, வினைவேகமாற்றி என்று நீங்கள் படித்ததற்கு ஆங்கிலத்தில் என்ன சொல்கிறார்கள் என்று நோட்டின் கடைசிப் பக்கத்தில் எதிரெதிரே எழுதி வாருங்கள். வருட முடிவில் அந்தப் பக்கம் இருந்தால் கல்லூரியில் எந்த ஆங்கில வகுப்பும் உங்களை மிரட்டாது.

எங்கள் வீட்டில் மலையாளமும் பேசுவோம். மலையாள வீடியோ பார்த்துப் படிக்கலாமா?

தாராளமாக. விளவங்கோடு, கல்குளம் பக்கம் மலையாளம் காதில் விழுந்தே வளர்ந்த பிள்ளைகளுக்கு இது ஒரு கூடுதல் கதவு. கேரள அரசின் கைட் விக்டர்ஸ் சானல் 2020இலிருந்து 'ஃபர்ஸ்ட் பெல்' என்ற பெயரில் வகுப்புகளைப் போட்டது, அவை யூடியூபில் இருக்கின்றன, சொல்லிக் கொடுக்கிற விதமும் நிதானமாக இருக்கும். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். கேரளத்தில் +1, +2க்கு என்சிஇஆர்டி பாடத்திட்டம், நமக்கு மாநிலப் பாடத்திட்டம், பாட வரிசை மாறும். கருத்தை அங்கே கேட்டுக்கொள்ளுங்கள், பரீட்சையில் எழுதுகிற சொல் நம் புத்தகத்தில் உள்ளதாக இருக்கட்டும்.

வேறு எந்த யூடியூப் சானல், எந்தத் தளம்?

அதிகம் சொல்ல மாட்டேன். ஆங்கிலம் ஓரளவு புரிந்தால் கான் அகாடமி. ஒவ்வொரு வீடியோவுக்கும் பின்னால் பயிற்சிக் கேள்விகள் இருக்கும், தப்பாகப் போட்டால் படிப்படியாகக் காட்டும். வீடியோவைவிட அந்தப் பயிற்சிக்காகத்தான் அதைப் பரிந்துரைக்கிறேன். இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தார் 2008இலிருந்து 118 தனிமங்களுக்கும் ஒவ்வொரு வீடியோ போட்டிருக்கிறார்கள், சோடியம் தண்ணீரில் விழுந்தால் என்ன ஆகிறது என்று பார்க்க அதைவிட நல்ல இடம் இல்லை. படிப்பு ஓடாத நாளில் அதைப் பார்க்கலாம்.

எங்கள் பள்ளியில் லேப் சரியாக நடப்பதில்லை. ஆன்லைனில் வழி உண்டா?

உண்டு. அமிர்தா பல்கலைக்கழகமும் சி-டாக் நிறுவனமும் சேர்ந்து நடத்துகிற ஓலேப்ஸ் என்ற இலவசத் தளத்தில் 9 முதல் 12 வரை ஆய்வகச் சோதனைகளைத் திரையில் செய்து பார்க்கலாம். ஆங்கிலத்தோடு மலையாளத்திலும் இருக்கிறது. தரம் பார்த்தலை, அதாவது ஒரு கரைசலை இன்னொன்றில் சொட்டுச் சொட்டாக விட்டு அதன் செறிவைக் கண்டுபிடிப்பதை, அங்கே இரண்டு மூன்று தடவை செய்துவிட்டுப் போனால், நிஜமான பியூரெட்டை (திருகு வைத்த அளவுக் குழாய்) பிடிக்கும்போது எதற்கு எது என்று திகைக்க மாட்டீர்கள்.

ஆனாலும் அது லேபுக்கு மாற்று ஆகாது. பினாப்தலீன் என்ற நிறங்காட்டி போட்ட கரைசலில் இளஞ்சிவப்பு வந்து வந்து மறையும், கடைசியில் ஒரு சொட்டில் நின்றுவிடும். அந்த ஒரு சொட்டைப் பிடிக்கத் திருகைத் திருப்புகிற விரலுக்குப் பழக்கம் வேண்டும், திரை அதைத் தராது. அதனால் பள்ளியில் கேளுங்கள். பெற்றோர் நாலு பேர் சேர்ந்து பெற்றோர் ஆசிரியர் கூட்டத்தில் கேட்டால் நடக்கும்.

பேச்சிப்பாறை மேலே சிக்னல் கிடைப்பதில்லை. மழைக்காலத்தில் கரண்டும் இல்லை.

ஃபெட் சிமுலேஷன் ஒவ்வொன்றும் தனிக் கோப்பாக இறங்கும், இறக்கிவிட்டால் நெட் இல்லாமலே பிரவுசரில் திறக்கும். பாடநூல் பிடிஎஃப் அப்படியே. யூடியூப் செயலியில் வீடியோவைச் சேமித்து வைக்கலாம், கரும்பலகைப் பாடத்துக்கு 360 தரமே போதும். டவுனுக்கு வருகிற நாளில், சொந்தக்காரர் வீட்டு வைஃபையிலோ வேறு எங்காவதோ, அந்த வாரத்துக்கு வேண்டியதை இறக்கிக்கொண்டு போங்கள். ஒரு பிள்ளை இறக்கினால் மற்றவர்களுக்கு போனிலிருந்து போனுக்கு அனுப்பிவிடலாம்.

வேதியியல் நம் வாழ்க்கைக்கு என்ன சம்பந்தம் என்று மகன் கேட்கிறான்.

அவனை ரப்பர் தோட்டத்துக்குக் கூட்டிப் போங்கள். அருமனை, குலசேகரம் பக்கம் யாரிடமாவது கேட்டால் காட்டுவார்கள். வெட்டி எடுத்த பால் வெள்ளையாக, ஓடுகிற பதத்தில் இருக்கும். பாலில் மிதக்கிற ரப்பர் துகள்கள் ஒவ்வொன்றின் மேலும் எதிர் மின்சுமை இருப்பதால் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு தனித்தனியாகவே நிற்கின்றன. பாலை அப்படியே வைத்திருக்க வேண்டுமானால் அம்மோனியா சேர்ப்பார்கள், காரத்தன்மையில் பால் திரியாது. ஷீட் அடிக்க வேண்டுமானால் தண்ணீர் கலந்து நீர்த்த ஆசிட்டைத் தட்டில் உள்ள பாலில் விட்டு மெதுவாகக் கலக்குவார்கள். அந்த ஆசிட் ஃபார்மிக் அமிலம், புத்தகத்தில் மெத்தனாயிக் அமிலம் என்று வருவது அதுதான். அமிலம் சேர்ந்ததும் துகள்களின் மின்சுமை அடங்கி, ஒன்றோடொன்று ஒட்டி, அடை மாதிரி உறைந்துவிடும், பிறகுதான் ரோலர், புகை எல்லாம். 12ஆம் வகுப்பில் கூழ்மம் திரிதல் என்று படிக்கப் போவது முழுவதும் அந்தத் தட்டில் இருக்கிறது.

அதே மாதிரி மணவாளக்குறிச்சி மணல். அங்குள்ள கடற்கரையில் மோனசைட் என்ற கனிமம் இருப்பதை 1909இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மன் வேதியியலாளர் கண்டுபிடித்தார். மோனசைட்டில் சீரியம், லாந்தனம் முதலிய அருமண் தனிமங்களும் தோரியமும் பாஸ்பேட்டாக இருக்கின்றன. பெட்ரோமாக்ஸ் விளக்கின் மேன்டில் வெள்ளையாக எரிந்தது தோரியம் ஆக்சைடால்தான். கூடவே இல்மனைட், ரூட்டைல், சிர்கான், கார்னெட் என்று இருக்கிற கனிமங்களை அடர்த்தி, காந்தத் தன்மை, மின்கடத்தும் தன்மை ஆகியவற்றில் உள்ள வித்தியாசத்தை வைத்துப் பிரிக்கிறார்கள். மணல் எடுப்பதைப் பற்றிக் கடற்கரை ஊர்களில் இருக்கிற கவலை வேறு பேச்சு, அதையும் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும். கணக்கு வேண்டுமென்றால் இதோ ஒன்று. இல்மனைட்டில் ஒரு இரும்பு, ஒரு டைட்டானியம், மூன்று ஆக்சிஜன். ரூட்டைலில் ஒரு டைட்டானியம், இரண்டு ஆக்சிஜன். எதில் டைட்டானியம் சதவீதம் அதிகம்? இல்மனைட்டில் சுமார் 31.6, ரூட்டைலில் சுமார் 59.9 வர வேண்டும். வராவிட்டால் அணு நிறைகளைத் திரும்பப் பாருங்கள்.

அக்கானி (பதநீர்) இறக்குகிற கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவுவது ஏன் என்பதையும் அவனே கண்டுபிடிக்கட்டும். காரத்தில் நொதித்தல் நடக்காது என்பது துப்பு.

வீட்டில் சோதனை செய்து பார்க்கலாமா?

மஞ்சள்தூளைத் தண்ணீரில் குழைத்துக் காகிதத்தில் தடவிக் காயவைத்து, அதில் சோப்புத் தண்ணீரோ சுண்ணாம்புத் தண்ணீரோ ஒரு சொட்டு விடுங்கள், சிவந்துவிடும். எலுமிச்சைச் சாறு விட்டால் மறுபடி மஞ்சளாகும். செம்பருத்திப் பூவைக் கொதிக்க வைத்த சாறும் நல்ல நிறங்காட்டி. இந்த அளவுக்குச் செய்யுங்கள்.

இதற்கு மேல் யூடியூபில் பார்த்ததையெல்லாம் வீட்டில் செய்ய விடவே கூடாது. கழிவறை கழுவுகிற ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் சேர்த்தால் குளோரின் வாயு வரும், மூடிய குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து. ரப்பர் உள்ள வீடுகளில் ஃபார்மிக் ஆசிட் கேன் தாழ்வாரத்திலேயே இருக்கும், நீர்க்காத ஆசிட் தோலைப் புண்ணாக்கும், கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். உயரத்தில், பூட்டி வையுங்கள். நீர்க்கும்போது தண்ணீரில்தான் ஆசிட்டை விட வேண்டும், ஆசிட்டில் தண்ணீரை விடக்கூடாது. தப்பித் தெறித்தால் உடனே ஓடுகிற தண்ணீரில் நெடுநேரம் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

பணம் கட்டுகிற ஆப் வாங்க வேண்டுமா?

தொடக்க நிலைக்கு வேண்டாம். அந்தப் பணத்தில் ஒரு நல்ல கால்குலேட்டரும் நாலு நீளநோட்டும் வாங்குங்கள்.

சாட்ஜிபிடியிடம் கேட்டுப் படிக்கலாமா?

விளக்கம் கேட்கலாம், தமிழிலும் சொல்லும், எத்தனை முறை கேட்டாலும் அலுக்காது. விடையை அப்படியே நம்ப வேண்டாம். தப்பான விடையையும் அதே தைரியத்தோடு சொல்லும். கணக்கை நீங்கள் முதலில் நோட்டில் போட்டுவிட்டு, எந்த வரியில் தவறு என்று மட்டும் கேளுங்கள். அது சொன்ன சமன்பாட்டில் இரண்டு பக்கமும் அணுக்களை எண்ணுங்கள். தமிழ்க் கலைச்சொற்களைப் புத்தகத்தோடு ஒத்துப் பாருங்கள், அது தானாகச் சில சொற்களை உருவாக்கிவிடும்.

நீட் எழுதப் போகிறேன், இது போதுமா?

அடித்தளத்துக்குப் போதும். அதற்கு மேல் என்சிஇஆர்டி வேதியியல் புத்தகங்களை வரிக்கு வரி படிக்க வேண்டும், அவையும் இலவச பிடிஎஃப். வேதியியலில் 45 கேள்வி, தமிழிலும் எழுதலாம்.

கல்லூரி முதல் வருடம் போகிறேன். அடுத்து என்ன?

ஓபன்ஸ்டாக்ஸ் நிறுவனத்தின் வேதியியல் நூல், இரண்டாம் பதிப்பு. அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகம் இலவசமாகத் தருகிறது, ஒவ்வொரு அத்தியாயத்தின் முடிவிலும் ஏராளமான கணக்குகள். லிப்ரடெக்ஸ்ட்ஸ் தளத்தில் இன்னும் ஆழமாகப் போகலாம். ஐஐடி ஆசிரியர்களின் பாடம் வேண்டுமானால் என்பிடெல், ஸ்வயம். படிப்பது இலவசம், சான்றிதழ் தேர்வுக்கு மட்டும் கட்டணம்.

நான் பத்தாவதுக்கு மேல் படிக்கவில்லை. பிள்ளை போனில் படிக்கிறதா, வேறு ஏதாவது பார்க்கிறதா என்று எப்படித் தெரியும்?

போனை எட்டிப் பார்க்க வேண்டாம், நோட்டைக் கேளுங்கள். ஒரு மணி நேரம் படித்த பிள்ளையின் நோட்டில் அடித்தல் திருத்தலோடு கணக்கு இருக்கும். சும்மா வீடியோ பார்த்த நாளில் பக்கம் வெறுமையாக இருக்கும். போனை மூடி வைத்துவிட்டு இன்றைக்கு என்ன புதிதாகத் தெரிந்தது என்று உங்களுக்குச் சொல்லச் சொல்லுங்கள், உங்களுக்குப் புரியும்படி சொல்ல முடிந்தால் பிள்ளைக்குப் புரிந்திருக்கிறது.

சமன்பாடு சரியா என்று நீங்களே சோதிக்கவும் முடியும், எண்ணத் தெரிந்தால் போதும். மீத்தேன் எரிகிற சமன்பாட்டை எழுதச் சொல்லுங்கள். அம்புக்குறிக்கு இடப்பக்கம் ஒரு கார்பன், நாலு ஹைட்ரஜன், நாலு ஆக்சிஜன் இருக்க வேண்டும், வலப்பக்கமும் அதே எண்ணிக்கை வர வேண்டும். ஒன்று கூடினாலும் குறைந்தாலும் நோட்டைத் திருப்பிக் கொடுத்து மறுபடி போடச் சொல்லுங்கள்.